காலால் பார்க்கும் கலைக்கூடம்

வாசகர் கேள்வி – பதில்

லண்டனில் வேலை பார்க்கும் மகனைக் காணப் போகும் வாசகர் ஒருவர், அங்கே தமக்கென்று ஒரே ஒரு முழு நாள் கிடைக்கும் என்றும், அதை எங்கே செலவிடலாம் என்றும் சென்ற இதழில் கேட்டிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றின் தென்கரையோடு நடந்து போய், பழைய மின்நிலையம் ஒன்றில் அமைந்த டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நாளை முடித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி கிளப்பிவிட்ட கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அரண்மனை, கோட்டை, மணிக்கூண்டு என்று அந்த நகரத்தில் எத்தனையோ இருக்க, ஓர் ஆற்றங்கரையையும் ஒரு பழைய மின்நிலையத்தையும் சொல்லியிருக்கிறீர்களே, ஐயா. இதற்குக் காரணம் உண்டா, அல்லது மற்றவற்றைப் பார்த்து அலுத்துவிட்டதா?

பதில்: அலுப்பு கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரண்மனை வாசலில் கம்பிக்கு வெளியே நின்று, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துவிட்டுத் திரும்புவதை ஒரு நாள் வேலையாக நான் கருதவில்லை. ஆற்றங்கரைப் பாதை யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து கலைக்கூடம் வரை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவு இருக்கும். அந்தத் தொலைவுக்குள் 135 மீட்டர் உயரமுள்ள ராட்சத ராட்டினமும், இசை அரங்கங்களும், வாட்டர்லூ பாலத்தின் வயிற்றுக்கு அடியில் நீண்ட மேசைகளைப் போட்டு நடக்கும் பழைய புத்தகக் கடைகளும், சறுக்குப் பலகை விளையாடும் பிள்ளைகளும், பாதையோரம் பாடிப் பிழைப்பவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பார்கள். எதற்கும் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி.

பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் பாலத்தை நெருங்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் பக்கத்தில் பருத்த சிவப்புத் தூண்கள் வரிசையாக ஆற்றுக்குள் நின்றுகொண்டிருக்கும்; அவற்றின் தலைமேல் எதுவும் இருக்காது. 1864-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூண்கள் அவை. மேலே இருந்த தளத்தை 1985-இல் கழற்றி எடுத்துவிட்டார்கள், தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பக்கத்துப் பாலத்திலோ ரயில் நிலையமே ஆற்றின் மேல் கட்டப்பட்டிருக்கிறது; அதன் கூரை முழுவதும் சூரியத் தகடுகள். தூணைத் தாண்டியதும் ஒற்றைச் செங்கல் புகைபோக்கி கண்ணில் படும். அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): மின்நிலையத்தை எதற்காக நகரத்தின் நடுவில், ஆற்றை ஒட்டிக் கட்டினார்கள்? பிறகு அதை ஏன் கலைக்கூடமாக மாற்றினார்கள்? நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: உங்கள் துறைக்காரரிடம் ஆறு எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவதற்குத் தண்ணீர் ஆற்றிலிருந்தே கிடைத்தது; எரிப்பதற்கான எண்ணெயும் ஆற்று வழியாகவே வந்து இறங்கியது. 1947-இல் தொடங்கிய கட்டுமானம் இரண்டு கட்டமாக நடந்தது: மேற்குப் பாதி 1952-இல் மின்சாரம் தரத் தொடங்கியது, கிழக்குப் பாதி 1963-இல் முடிந்தது. எண்ணெய் விலை ஏறியதில் கட்டுப்படியாகாமல் 1981-இல் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

கட்டடத்தை வரைந்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். பெயர் பழக்கமில்லை என்றாலும் அவர் கைவேலை ஒன்றைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது: இங்கிலாந்தின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு அவர் வடிவமைத்ததுதான். நீங்கள் சற்று முன் கடந்து வந்த வாட்டர்லூ பாலமும் அவருடையது. எதிர்க்கரையில் செயின்ட் பால் தேவாலயம் 111 மீட்டர் உயரத்தில் நிற்பதால், அதைவிட உயர்ந்துவிடக் கூடாது என்று புகைபோக்கியை 99 மீட்டரோடு நிறுத்தினார். சாமிக்கு எதிரே கட்டும் கட்டடம் கொஞ்சம் குனிந்தே நிற்க வேண்டும் என்கிற எண்ணம் நம் ஊர்க் கோயில் வீதிகளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்று அதைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

மூடிய பிறகு, 42 லட்சம் செங்கற்களாலான அந்தக் கட்டடம் இடிபடுவதற்காகக் காத்துக்கிடந்தது. கலைக்கூடத்தை நடத்தும் டேட் நிறுவனத்துக்கோ லண்டன் மில்பேங்கில் இருந்த பழைய கட்டடத்தில் இடம் போதவில்லை. 1994-இல் இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்சோக், டி மெரோன் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் வரைபடத்தை மறு ஆண்டு ஏற்றார்கள். 2000 மே மாதம் திறந்தார்கள். அந்த இருவரும் செய்த புத்திசாலித்தனம், பெரிதாக எதையும் செய்யாமல் விட்டதுதான். டர்பைன்களைத் தூக்கிய பிறகு மிஞ்சிய கூடத்தை அறை அறையாகத் தடுத்து இடத்தைக் கூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், 155 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் உள்ள அந்த வெறுமையை அப்படியே விட்டுவைத்தார்கள். டர்பைன் கூடம் என்ற பெயரும் மாறவில்லை. மேலே நகரும் பாரந்தூக்கியையும் நீங்கள் பார்க்கலாம். எண்ணெய் சேமித்த நிலத்தடித் தொட்டிகள்கூட 2012 முதல் நிகழ்த்துகலைக்கும் திரைப்படக் காட்சிக்குமான வட்ட அறைகளாகிவிட்டன. கட்டடத்தின் தென்புறத்துத் துணை மின்நிலையம் கலைக்கூடம் திறந்த பின்பும் இயங்கிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

ஒரு யோசனை சொல்கிறேன். ஆற்றுப் பக்கத்து வாசல் கண்ணெதிரே இருக்கிறது என்பதற்காக அதன் வழியே நுழைந்துவிடாதீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் நுழைந்து, கூடத்தின் நடுவே ஒரு மேடையில் போய் நின்று, அதன் நீளம் பிடிபடாமலேயே மாடிப்படி ஏறிவிட்டேன். மேற்குப் பக்கம் சுற்றிப் போனால் அகலமான சரிவு ஒன்று உங்களைக் கீழே இறக்கிக்கொண்டு போகும். கோயில் குளத்தில் படி இறங்குவதுபோல உடல் மெல்ல மெல்லத் தாழ, கூரை உயர்ந்துகொண்டே போகும். அந்த இறக்கத்தை நடந்தே அறிய வேண்டும். படத்தில் அது வராது.

கேள்வி (திருச்சி பொறியியல் மாணவி): கலைக்கூடத்துக்கு எதிரே இருக்கும் நடைபாலம் திறந்த அன்றே ஆடியது என்று படித்தேன். பாலத்தில் பிழையா, நடந்தவர்கள் மேல் பிழையா?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. இரண்டு பக்கமும் இல்லை என்றும் சொல்லலாம், இரண்டும்தான் என்றும் சொல்லலாம். 2000 ஜூன் 10-ஆம் தேதி மில்லேனியம் பாலம் திறந்தபோது பெருங்கூட்டம் ஏறியது; பாலம் பக்கவாட்டில் அசையத் தொடங்கியது; இரண்டே நாளில், 12-ஆம் தேதி, மூடிவிட்டார்கள். 325 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலம் அது. ஆனால் தொங்குபாலம் என்றதும் மனத்தில் வரும் உயரமான கம்பங்கள் அதில் கிடையாது. தேவாலயத்தின் பார்வையை மறைக்காமல் இருக்கவேண்டி வடக்கயிறுகளைப் பக்கவாட்டில் தாழ்வாகவே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நாம் நடக்கும்போது கீழ்நோக்கி மட்டும் மிதிப்பதில்லை. ஒவ்வோர் அடிக்கும் இடமும் வலமுமாகச் சிறிது தள்ளவும் செய்கிறோம். நூறு பேர் நூறு விதமாக நடந்தால் அந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாலம் மயிரிழை அசைந்ததும், மேலே இருப்பவர்கள் விழாமல் இருப்பதற்காகத் தம்மையறியாமல் அசைவுக்கு ஏற்பக் காலை அகட்டி வைக்கிறார்கள். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது நாம் செய்வதும் இதுவே. அப்படி எல்லோரும் அசைவுக்கு இசைந்து மிதிக்கும்போது தள்ளல்கள் ஒரே பக்கம் சேர்ந்து அசைவைப் பெருக்குகின்றன. பெருகிய அசைவு இன்னும் பலரை அதே தாளத்துக்குள் இழுக்கிறது. ராணுவம் பாலத்தைக் கடக்கும்போது அடிவைப்பை ஒன்றாகப் போடக் கூடாது என்ற பழைய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே யாரும் ஆணையிடாமலேயே கூட்டம் ஒரே அடிவைப்புக்கு வந்துவிட்டது. அதிர்வை விழுங்கும் கருவிகளைப் பாலத்துக்கு அடியில் பொருத்தி, 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். இப்போது ஆடுவதில்லை. ஆனால் அதைக் கடக்கும்போது எதற்கும் ஒரு கணம் நின்று, காலுக்குக் கீழே ஏதாவது தெரிகிறதா என்று பார்க்காதவர் குறைவு. நானும் பார்த்தேன்.

கேள்வி (மதுரை வாசகர்): போன வருடம் மருமகனோடு அங்கே போய்விட்டு வந்த என் அனுபவத்தைச் சொல்கிறேன். கழிப்பறைக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கலை என்கிறார்கள். இதை எல்லாம் ஒரு பெரிய மனிதர் சிபாரிசு செய்யலாமா?

பதில்: கோபம் நியாயமானது, கோபம் வரட்டும் என்றுதான் அதை வைத்தவரும் வைத்தார். மார்செல் துஷாம்ப் 1917-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அந்தப் பீங்கான் கோப்பையை அனுப்பினார். கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பையும் காட்டுவோம் என்று அறிவித்திருந்தவர்கள், அதை மட்டும் காட்ட மறுத்தார்கள். "யார் எதை அனுப்பினாலும்" என்று சொன்னீர்களே, அது உண்மைதானா என்று சோதித்த கோப்பை அது. அசல் தொலைந்துவிட்டது. டேட்டில் இருப்பது 1964-இல் அவருடைய ஒப்புதலோடு செய்த நகல். ஆகவே நீங்கள் பார்த்தது அசலும் அல்ல, அவர் கையால் வார்த்ததும் அல்ல. உங்கள் கோபத்துக்கு இன்னொரு காரணம் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஒரு கோப்பையை வைத்து முழுக் கட்டடத்தையும் அளக்காதீர்கள். கைவேலை இல்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், 2010-இல் சீனக் கலைஞர் அய் வெய்வெய் டர்பைன் கூடத்தில் பரப்பிய சூரியகாந்தி விதைகளைச் சொல்ல வேண்டும். மொத்தம் 10 கோடி விதைகள், ஏறத்தாழ 150 டன் எடை. ஒவ்வொன்றும் பீங்கான். பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்தெசென் நகரத்தில் 1,600 கைவினைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு விதையின் மேலும் தூரிகையால் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் சாம்பல் நிற மணல்வெளி. குனிந்து ஒன்றை எடுத்தால், ஒரு பெண்ணோ ஆணோ உங்களுக்காகவென்றே வரைந்ததுபோல ஒரு விதை. மக்கள் அதன்மேல் நடக்க வேண்டும், படுக்க வேண்டும், கை நிறைய அள்ள வேண்டும் என்பதே எண்ணம். இரண்டே நாளில் பீங்கான் தூசு மூச்சுக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். காலுக்காகச் செய்த படைப்பு அதன் பிறகு கண்ணுக்கு மட்டும் என்றாகிவிட்டது. காட்சி நடந்துகொண்டிருந்த 2011 ஏப்ரலில் அதைச் செய்தவரைச் சீன அரசு பிடித்து அடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் காட்சி முடிந்தபோதும் அவர் வெளியே வரவில்லை. ஆயிரத்து அறுநூறு பேருக்குக் கூலி கொடுத்து விதை வரையச் சொன்னவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்வீர்களா, மாட்டீர்களா என்பது உங்கள் விருப்பம். கோயில் கட்டிய ஸ்தபதியை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இந்தக் கூடத்தில் எதுவும் நிரந்தரம் இல்லை என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்த ஆண்டில் லூயிஸ் பூர்ஷ்வாவின் இரும்புச் சிலந்தி ஒன்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. துணிச்சித்திரங்களைச் செப்பனிட்டு வாழ்ந்த தம் தாயின் நினைவாகச் செய்ததால் அதற்கு அம்மா என்றே பெயரிட்டார். 2003-இல் ஓலாஃபர் எலியாசன் மஞ்சள் விளக்குகளாலான அரைவட்டத்தைக் கூடத்தின் ஒரு முனையில் பொருத்திக் கூரை முழுக்கக் கண்ணாடி பதித்தார். அரைவட்டம் கண்ணாடியில் சேர்ந்து முழுச் சூரியனாயிற்று. மழைக்கால லண்டனின் மக்கள் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் எறும்பளவு தெரிந்த தங்களுக்குத் தாங்களே கையசைத்தார்கள். அந்தச் சூரியனைப் பார்க்க 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள்.

கேள்வி (லண்டன் டூட்டிங் வாசகி): நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், இங்கே வந்து நெடுங்காலமாகிறது. பேரப்பிள்ளையோடு டேட்டுக்குப் போனபோது, பெரிய கூடத்தின் தரையில் நீளமாக ஒரு வெடிப்பைப் பூசி மறைத்த தடம் தெரிந்தது. கட்டடம் வெடித்துவிட்டதா என்று கேட்டதற்குக் காவலாளி சிரித்துக்கொண்டே, அதுவும் ஒரு படைப்புத்தான் என்றார். உண்மையோ?

பதில்: உண்மைதான், அம்மா. அந்தக் கூடத்தில் நான் அதிகம் நின்ற இடமும் அதுவே.

கொலம்பியா நாட்டுச் சிற்பி டோரிஸ் சால்செடோ 2007-இல் அந்தத் தரையைப் பிளந்தார். வாசல் பக்கம் மயிரிழையாகத் தொடங்கி, போகப் போக அகன்று ஆழ்ந்து, கிளை விட்டு, கூடத்தின் மறுகோடி வரை அந்தப் பிளவு ஓடியது. வளைந்து வளைந்து சென்றதால் அதன் நீளம் கூடத்தின் நீளத்தையும் மிஞ்சி 167 மீட்டர் ஆயிற்று. உள்ளே எட்டிப் பார்த்தால் கான்கிரீட் சுவரில் கம்பிவலை பதிந்திருந்தது தெரிந்தது. பிள்ளைகள் தாண்டிக் குதித்தார்கள், காதலர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், சிலர் கால் இடறியும் விழுந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் காட்சி முடிந்ததும் அதை நிரப்பிப் பூசிவிட்டார்கள். பூசிய இடம் சுற்றியுள்ள தரையின் நிறத்தோடு ஒட்டவில்லை. நீங்கள் பார்த்தது அந்தத் தழும்பு.

அவர் அதற்கு இட்ட பெயர் ஷிபோலேத். விவிலியம் படித்தவர்களுக்கு நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் அகப்படும். எப்பிராயீமியர் போரில் தோற்று, யோர்தான் ஆற்றைக் கடந்து ஊர் திரும்ப முயல்கிறார்கள். ஆற்றுத்துறைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிலேயாத்தியர், வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, ஷிபோலேத் என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியருடைய நாவுக்கு அந்த முதல் ஒலி வராது; அவன் சிபோலேத் என்பான்; அந்த இடத்திலேயே கொன்றுபோடுவார்கள். அப்படி மாண்டவர்கள் 42,000 பேர் என்கிறது ஆகமம். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவோ கதிர் என்பதுதான், நீரோட்டம் என்றும் சொல்வார்கள். பொருள் யாருக்கும் தேவைப்படவில்லை, ஒலி மட்டுமே தேவைப்பட்டது. ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த அந்நியர்கள் ஒவ்வொரு துறையிலும் எப்படி நிறுத்தி அளக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றியே தம் பிளவு பேசுகிறது என்று சால்செடோ விளக்கியிருக்கிறார்.

இதை நான் உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல இருக்கும். 1983 ஜூலையில் கொழும்பில் பேருந்துகளை மறித்து ஏறியவர்கள், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை ஒவ்வொருவரையும் சொல்லவைத்த கதையை அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பால்திய என்ற அந்தச் சொல்லின் முதலெழுத்தைச் சிங்களவர் அழுத்தி ஒலிப்பார்கள். நம் பேச்சிலோ சொல்லுக்கு முதலில் வரும் பகரம் அழுத்தம் இல்லாமலே வரும். பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரே எழுத்துத்தான், முதலில் ஒரு விதமாகவும் நடுவில் ஒரு விதமாகவும் ஒலிக்கும். குழந்தையாக இருந்தபோது அம்மா மடியில் தானாக வந்த ஒலி, பேருந்தில் ஆளைக் காட்டிக்கொடுத்தது. லண்டனுக்கு அகதிகளாக வந்த தமிழர்களில் பலர் அந்த மாதத்துக்குப் பின் கப்பலும் விமானமும் ஏறியவர்கள். ஆகவே, ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கூடத்தின் தரையில் அந்தத் தழும்பைக் கண்டதும் நீங்கள் நின்று கேட்டதில் வியப்பில்லை. பேரப்பிள்ளைக்கு எந்த வயதில் இதைச் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். தடம் அங்கேயேதான் இருக்கும், அவசரம் இல்லை.

கேள்வி (சேலம் வாசகி): டேட் என்பவர் யார்? ஓவியரா?

பதில்: சர்க்கரை வியாபாரி. ஹென்றி டேட் கட்டிச் சர்க்கரையை இங்கிலாந்தில் பரவலாக்கிப் பெரும் செல்வம் சேர்த்தவர்; அவருடைய ஆலையும் இதே தேம்ஸ் கரையில், கிழக்கே சில்வர்டவுனில் இருக்கிறது. தாம் சேர்த்த ஓவியங்களை நாட்டுக்குக் கொடுத்தார். மில்பேங்கில் சிறைச்சாலை இருந்த இடத்தில் 1897-இல் முதல் கலைக்கூடம் திறந்தது. அவர் பிறந்தது 1819-இல்; பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது சிறுவனாக இருந்தவர் என்பதால் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். ஆனால் கரும்பு என்ற தொழிலே அடிமைகளின் முதுகில் எழும்பியது என்பதை இன்று அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி (சென்னை வழக்கறிஞர் ஒருவர்): டேட்டின் மேல்மாடத்தை எதிர்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு வென்றார்களாமே? இனி மேலே ஏற முடியுமா?

பதில்: 2016-இல் தென்புறத்தில் பத்து மாடியில் புதிய கட்டடம் ஒன்றைச் சேர்த்தார்கள், உச்சியில் நான்கு புறமும் சுற்றி வந்து நகரத்தைப் பார்க்கும் மாடம். தெற்கே சில அடுக்குமாடி வீடுகள். சுவருக்குப் பதில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. நகரத்தைப் பார்க்க ஏறியவர்கள், எதிர்வீட்டில் என்ன சமையல் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். படமும் பிடித்தார்கள். வீட்டுக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. திரை போட்டுக்கொள்ளலாமே என்ற பேச்சும் எழுந்தது. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், இடைவிடாமல் உற்றுப் பார்ப்பதும் அண்டை வீட்டுக்குச் செய்யும் தொல்லையே என்று தீர்ப்பளித்தது. தொல்லை என்றால் சத்தம், புகை, நாற்றம் என்று மட்டும் படித்த உங்கள் தலைமுறைக்கு, பார்வையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது புதுச் செய்தியாக இருந்திருக்கும். நம் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. கண்ணூறு கழிக்கத் திருஷ்டிப் பூசணி கட்டியவர்கள் அவர்கள். மாடம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் போகும் அன்று கீழே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வடக்குப் பக்கம் கிடைத்தால் போதும்: ஆறும் பாலமும் தேவாலயமும் ஒரே நேர்கோட்டில் கிடக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ஆற்றங்கரை என்கிறீர்கள், இறங்கிக் கால் நனைக்க முடியுமா? கடலோரத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீரைக் கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கப் பிடிப்பதில்லை.

பதில்: கடற்கரைக்காரரே, உங்களுக்குப் பிடித்த ஒன்று அங்கே உண்டு. தேம்ஸ் லண்டனுக்குள் பாதி ஆறு, பாதி கடல். நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏழு மீட்டர் வரை வேறுபாடு உண்டு. இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் கரைச்சுவரில் சாய்ந்து பார்த்த ஆற்றுக்கும், மாலையில் திரும்பும்போது பார்க்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இராது. நீர் இறங்கிய நேரத்தில் கலைக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளிப் படிகள் வழியே மணலுக்குப் போகலாம். படியில் பாசி பிடித்திருக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு அவசியம்.

நான் இறங்கிய அன்று என் காலடியில் கிடந்தவை: சிப்பி ஓடுகள், பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று, ஆணிகள், சுண்ணாம்புக் குச்சி போன்ற வெள்ளைக் குழல் துண்டுகள் நாலைந்து. குழல்கள் என்னவென்று புரியாமல் பக்கத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். களிமண் சுங்கானின் காம்புகள் என்றார். ஒரு காலத்தில் படகுக்காரர்களும் சுமைதூக்கிகளும் புகைத்துவிட்டு, நாம் பீடித்துண்டை வீசுவதுபோல ஆற்றில் வீசியவை. இரு நூறு, முந்நூறு ஆண்டுகளாக ஆறு அவற்றைப் புரட்டிப் புரட்டிக் கழுவிக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பையில் போட்டுக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அங்கே தேடவும் எடுக்கவும் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். என்னிடம் பேசியவர் தம் சீட்டைக் காட்டினார், என்னிடம் இல்லாததால் கீழே வைத்துவிட்டேன். ஓதம் எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு இறங்குங்கள். அது அலையடித்துக்கொண்டு வராது. சத்தமில்லாமல் படியை மூடிவிடும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): எனக்கு மூட்டுவலி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மகள் டூட்டிங்கில் இருக்கிறாள். நாங்களும் இந்த இடத்துக்குப் போய்வர முடியுமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: தாராளமாக முடியும், அம்மா. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து நடக்கச் சொன்னதை நீங்கள் விட்டுவிடுங்கள். டூட்டிங் ரயில் நிலையத்திலிருந்து பிளாக்ஃபிரையர்ஸுக்கு வண்டி மாறாமல் வரலாம். தென்கரைப் பக்கமே வெளிவாசலும் மின்தூக்கியும் உண்டு. அங்கிருந்து கலைக்கூடம் மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். இடையில் உட்கார இருக்கைகள் இருக்கின்றன. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. தனிக் கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். திறந்ததும் உள்ளே போனால் கூட்டம் குறைவு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் மகளை முன்னதாகவே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

எல்லா மாடியும் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். சரிவில் இறங்கிக் கூடத்தைப் பாருங்கள், பிறகு மின்தூக்கியில் ஏறி ஏதாவது இரண்டு அறை. அந்த இரண்டில் ஒன்று மார்க் ராத்கோவின் அறையாக அமைந்தால் அதிர்ஷ்டம். அவருடைய ஓவியங்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள் என்பதால் அன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். நியூயார்க்கில் ஓர் ஆடம்பர உணவகத்துக்காக வரையத் தொடங்கி, அந்தச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு இவற்றைத் தர மாட்டேன் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவற்றில் ஒன்பதை டேட்டுக்குக் கொடுத்தார். ஓவியங்கள் லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25 அன்றே அவர் இறந்த செய்தியும் வந்தது. மங்கிய ஒளியில் கருஞ்சிவப்பும் மெரூனுமாகச் சுவரளவு நிற்கும் அந்தப் படங்களின் எதிரே உட்காரப் பலகை போட்டிருப்பார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் உட்கார்ந்தால், கண் இருட்டுக்குப் பழகிய பின் ஒரு சிவப்புக்குள் இருந்து இன்னொரு சிவப்பு வெளியே வரும். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட ஏற்ற ஓவியம் அந்தக் கட்டடத்தில் இல்லை.

உள்ளே சிற்றுண்டிச் சாலை இருக்கிறது, விலை கூடுதல். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போனால், கட்டடத்துக்கும் ஆற்றுக்கும் இடையே வெள்ளைத் தண்டு மரங்கள் நிற்கும் தோப்பில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாலமும் தேவாலயமும் எதிரே இருக்கும். பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடற்காகங்கள் கையிலிருப்பதையே பறித்துக்கொண்டு போகும். என் மசால்வடை அப்படித்தான் போனது.